லெஃப்ட் அவுட் கல்கத்தாவுக்குப் போயிருந்தால்

செய்தித்தாளில் அவர் பெயருக்கு முன்னால் மாண்புமிகு என்று போடுவார்கள். சுவரெழுத்துகளில் பட்டங்கள் இன்னும் நீளமாக இருக்கும். எங்கள் வீட்டில் அவருக்கு ஒரே பெயர்தான்: லெஃப்ட் அவுட்.

அப்பாவும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒரே அணியில் கால்பந்து ஆடியவர்கள். அவர் முன்வரிசையில் இடது ஓரம், அதாவது லெஃப்ட் அவுட். அப்பா அவருக்குப் பின்னால் லெஃப்ட் ஹாஃப். எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்து முன்னால் தள்ளிவிடுவது அப்பாவின் வேலை. அதை எடுத்துக்கொண்டு ஓரமாகவே ஓடுவது அவருடைய வேலை. “எல்லா பாலும் என் கால் வழியாத்தான் அவன்கிட்ட போவும்” என்பார் அப்பா. பெருமையாகச் சொல்ல மாட்டார். எந்தக் குழாய் வழியாக எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகிறது என்று சொல்வதுபோலச் சொல்வார். அப்பா முனிசிபாலிட்டியில் பம்ப் ஆபரேட்டர்.

அணி என்பது நான் எழுதுவதற்காகப் போட்ட சொல். அப்பா சொல்வது கட்சி. எங்கள் தெருவில் எந்த விளையாட்டாக இருந்தாலும் இரண்டு கட்சியாகத்தான் பிரிவோம். அதனால் “அவனும் நானும் ஒரே கட்சி” என்று அப்பா வாசலில் நின்று யாரிடமாவது சொல்லும்போது அம்மா உள்ளேயிருந்து ஓடிவருவாள்.

“மெல்ல பேசுங்க. முனிசிபாலிட்டி உத்தியோகம். கட்சி கிட்சினு எவனாவது எழுதிப் போட்டுட்டா வூட்டுக்கு அனுப்பிடுவான்.”

“பந்தாடுன கட்சிடி.”

“கேக்கறவனுக்கு பந்தா தெரியும்? கட்சிதான் தெரியும்.”

அவர் கல்கத்தாவுக்குப் போகாத கதையை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் மாற்றமே இருக்காது. சென்னையில் ஒரு போட்டியில் இவர்கள் ஆடியதைப் பார்த்த கல்கத்தா கிளப்காரர் ஒருவர், லெஃப்ட் அவுட்டை மட்டும் கூப்பிட்டார். சம்பளம் கொடுத்துப் பந்தாட வைக்கிற ஊர் அது. ரயில் டிக்கெட்கூட வாங்கியாயிற்று. கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்னால் தேரடித் தெருவில் ஒரு பொதுக்கூட்டம். வெளியூரிலிருந்து வரவேண்டிய பேச்சாளர் வரவில்லை. கூட்டம் கலைந்துவிடும்போல இருந்ததால் யாரோ இவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள். இவர் பேசினார். சனங்கள் கை தட்டினார்கள். அப்பா கீழே அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அன்னிக்கி அவன் பேசி முடிக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, இவன் ரயில் ஏற மாட்டான்னு.”

“எப்படித் தெரியும்?” என்று நான் கேட்பேன்.

“பாஸ் குடுக்காம மைக்க அவனே வெச்சிகினு இருந்தான்.”

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அவர் கட்சியில் சேர்ந்தார், போராட்டங்களில் ஜெயிலுக்குப் போனார், தேர்தலில் நின்றார், மந்திரியானார். அப்பா தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மோட்டார் போட்டார்.

நடக்காத கதை ஒரு சாயங்காலம் தொடங்கியது. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. தேரடியில் அவர் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் வந்து தட்டுகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா சாப்பிட்டபடியே, யாரிடமும் இல்லாமல், “இந்நேரம் ஹாஃப் டைம் வுட்டிருப்பான். எலுமிச்சம்பழம் கடிச்சிகினு இருப்பான்” என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்தது அப்பாவுக்குப் பிடித்திருக்க வேண்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம் சொன்னார்.

அதன்பிறகு அது வீட்டு வழக்கமாகிவிட்டது. பத்திரிகையில் அவரைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அப்பா அதைக் கல்கத்தாவுக்கு மாற்றிவிடுவார். தேர்தலில் தோற்றால், ஃபைனலில் தோல்வி. பதவி போனால், காலில் அடி, டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். வேறு இலாகா கொடுத்தால், கிளப் மாறிவிட்டான், இந்த கிளப்பில் பூட்ஸ் நல்லதாகக் கொடுக்கிறார்கள். பிறகு பத்திரிகைச் செய்தியும் தேவைப்படவில்லை. கதை தானாகவே நடக்கத் தொடங்கியது.

அதை வளர்த்தது அப்பாவைவிட அம்மாதான். அப்பாவுக்கு மைதானம் மட்டும் போதும். அம்மாவுக்கு மற்றதெல்லாம் தெரிய வேண்டும்.

“அங்க யாரு சமைச்சிப் போடறா அவருக்கு?”

“மெஸ்ஸு.”

“கடுகெண்ணெயில செய்வாங்களாமே. அந்த வாசன எப்படித்தான் ஆவுதோ. ஒருத்தியக் கட்டி வெச்சிடுங்க.”

“பாஷை தெரியாதேடி அவனுக்கு.”

“கட்டிக்கறதுக்கு பாஷை எதுக்கு? நமக்கு ஒரே பாஷைதான், அப்படி என்னா பேசிகிட்டோம்?”

அப்படித்தான் லெஃப்ட் அவுட்டுக்குக் கல்கத்தாவில் கல்யாணம் ஆனது. நிஜத்தில் அவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள், சென்னையில் பெரிய வீடு இருந்தது. அது எங்களுக்குப் பொருட்டாகவே இல்லை.

எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் எனக்கு மனது நிற்கும். கல்கத்தாக் கதையில் மாறாதவை எவை என்று எனக்கு அப்போதே மனப்பாடம். அங்கே மழையில்தான் ஆடுவார்கள், சேற்றில் அவருக்கு இன்னும் நன்றாக வரும். வலது கால் வெறும் ஊன்றுவதற்குத்தான், இடது காலில்தான் எல்லாம். மனைவிக்கு மீன் முள் எடுக்கத் தெரியும், அவருக்குத் தெரியாது. கடிதம் போட மாட்டார். அவருக்குப் பின்னால் ஆடுகிற லெஃப்ட் ஹாஃப் சரியில்லை. இந்தக் கடைசி விவரத்தை அப்பா ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டதே இல்லை. “பால் வருது, ஆனா லேட்டா வருது” என்பார்.

ஒன்றை நான் பெரியவளான பிறகுதான் கவனித்தேன். அப்பா ஒருநாளும் அவரைப் பெரிய ஆட்டக்காரராக ஆக்கவில்லை. கோப்பை வாங்க வைக்கவில்லை, வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. நன்றாக ஆடுகிறார், சம்பளம் வருகிறது, வயது ஏறுகிறது. அவ்வளவுதான்.

வெளியூர் பாலிடெக்னிக்கில் நான் சிவில் டிப்ளமோ இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். மஞ்சள் காமாலை. அன்று செய்யவேண்டியவை என் மனதில் வரிசையாக வந்தன. சொந்தக்காரர்களுக்குத் தந்தி, ஐஸ், பந்தலுக்குச் சொல்வது, பாலை அடுப்பிலிருந்து இறக்குவது. ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போனேன். அழுகை பிறகு வரும் என்று பெண்கள் சொன்னார்கள். வரவில்லை. விடுமுறை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பி, பாதியில் விட்டிருந்த படிக்கட்டு வரைபடத்தை முடித்தேன்.

அடுத்த விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது லெஃப்ட் அவுட் கல்கத்தாவை விட்டு வந்துவிட்டிருந்தார்.

“முட்டி போயிடுச்சி” என்றார் அப்பா. “நம்ம ஸ்டேஷன்லயே டிக்கெட் கலெக்டர் வேல குடுத்துட்டாங்க. ரெண்டு வண்டி வர்ற ஸ்டேஷன். வேல கம்மி. சாயந்தரமானா நம்ம பம்ப் ரூமுக்கு வந்துடறான்.”

“வந்து?”

“வந்து உக்காந்துகினு இருப்பான். டீ குடிப்போம்.”

கல்கத்தாக்காரியைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளைக் கட்டிவைத்தது அம்மா.

நான் டிப்ளமோ முடித்த வருடம் அப்பாவின் காலில் ஆணி ஏறியது. பம்ப் ரூமில் நடந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது செருப்பு நனைந்திருந்தது. தண்ணீர் என்றுதான் நினைத்திருக்கிறார். ரத்தம் என்று பார்த்துத்தான் தெரிந்தது, வலித்துத் தெரியவில்லை. சர்க்கரை வியாதியில் பாதத்துக்கு உணர்ச்சி போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பந்து தள்ளிய கால் அது. புண் ஆறவில்லை. ஒரு விரலை எடுத்தார்கள். அப்பா உடல்நிலை காரணமாக முன்னதாகவே வேலையிலிருந்து விலகினார். தினமும் கட்டு மாற்ற வேண்டும், புண் பரவுகிறதா என்று ஒருவர் உற்றுப் பார்க்க வேண்டும், அவரால் குனிந்து பார்த்துக்கொள்ள முடியாது. கவனிக்காமல் விட்டால் கணுக்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அந்த நிலையில் எனக்கு அரசாங்கத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு உத்தரவு வந்தது. தெற்கே கடைக்கோடி மாவட்டத்தில், ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய ஊர். சொன்ன தேதிக்குள் சேராவிட்டால் வேலை போய்விடும். வேலைக்குப் போனால் அப்பாவின் கால் போகும். போகாவிட்டால் சாப்பாடு. இரண்டையும் எத்தனை விதமாக வரிசை மாற்றி வைத்தாலும் விடை வரவில்லை. அப்பாவை அங்கே கூட்டிப்போக முடியுமா என்றும் பார்த்தேன். இருநூறு அடி நடந்தாலே புண் வாய் திறந்துவிடுகிற நிலை.

அம்மாவின் தம்பி, என் மாமா, வார்டில் கட்சிக் கொடி கட்டுகிறவர். அவர்தான் அப்பாவிடம் சொன்னார்.

“மாமா, மந்திரி ஒரு வார்த்த சொன்னா போதும். நம்ம ஊரு ஆபீஸ்லயே சீட்டு போட்டுடுவாங்க. கார்த்திகை தீபத்துக்கு ஏற்பாடு பாக்க வர்றாரு. டிராவலர்ஸ் பங்களாவுலதான் தங்கறாரு. நீங்க அவரு கூட ஆடினவரு. ஒருநாளாவது போய்க் கேட்டிருக்கீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்?”

“இப்ப எதுக்குனு தெரியுதில்ல?”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சவரக்கத்தி எங்கே என்று கேட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்த மாலை. அவர்கள் ஆடிய மைதானத்தைத் தாண்டித்தான் பங்களாவுக்குப் போக வேண்டும். தீபத்துக்கான மாட்டுச் சந்தை அங்கே வந்திறங்கிக்கொண்டிருந்தது. கோல் போஸ்ட்டில் காளைகளைக் கட்டியிருந்தார்கள். அப்பா ரிக்‌ஷாவிலிருந்து அதைப் பார்த்தாரா என்று தெரியாது. அவருக்கு வேறு கவலை.

“மச்சான், அவன நீன்றதா நீங்கன்றதா?”

“ஐயான்னு சொல்லுங்க மாமா. பேரச் சொல்லிக் கில்லி வெச்சிடாதீங்க.”

“பேரு எங்க சொல்லப்போறேன். லெஃப்ட் அவுட்டுனு வந்துடுமோன்னுதான் பயமாருக்கு.”

பங்களா வாசலில் கூட்டம். சால்வைகளோடு நின்றவர்கள், மனுவோடு நின்றவர்கள், சும்மா நின்றவர்கள். கதவருகே மந்திரியின் உதவியாளர் ஒருவர் எல்லோரையும் ஒரே பார்வையில் எடைபோட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“யாரு நீங்க? ஐயாவ எப்படித் தெரியும்?”

அப்பா சிறிதும் யோசிக்காமல், வாழ்நாள் முழுக்கச் சொன்னதையே சொன்னார். “நாங்க ஒரே கட்சிங்க.”

“எப்பலர்ந்து?”

“பள்ளிக்கூடத்துலர்ந்து.”

உதவியாளரின் கை இறங்கியது. “ஐயோ, ஆரம்பகாலத்து ஆளா? நிக்காதீங்கய்யா, உக்காருங்க” என்று ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டார். அப்பா அந்த மரியாதையைப் புரிந்துகொள்ளாமல் உட்கார்ந்தார். மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. அம்மா பயந்தது நேரெதிராக நடந்திருந்தது. கேட்டவனுக்குக் கட்சிதான் தெரிந்திருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். அவரை நான் அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் முறை. சுவரொட்டியில் இருப்பதைவிடக் குள்ளமாக, தடித்து இருந்தார். நான் என்னை அறியாமல் அவருடைய இடது காலைப் பார்த்தேன். வேட்டிக்குக் கீழே வெள்ளைச் செருப்பு மாட்டிய ஒரு கால், அவ்வளவுதான்.

“ஐயா, ஆரம்பத்துலர்ந்து நம்ம கட்சி” என்றார் உதவியாளர். “கால் இப்படி ஆயிடுச்சி.”

மந்திரி அப்பாவின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். “என்னய்யா இது, போலீஸ் அடியா?”

“இல்லீங்கய்யா, சக்கர.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மந்திரியும் சிரித்தார். பிறகு அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பந்து வரப்போகிறது என்று நிற்பவர்போல இருந்தது அது.

“பாத்த மூஞ்சிதான்யா. நீ வேலூர் ஜெயில்ல நம்ம கூட உள்ள இருந்தவன்தானே? அந்தக் கடைசி கொட்டடியில?”

அப்பா வாயைத் திறந்தார். மாமாவின் கை அப்பாவின் நாற்காலி முதுகில் அழுந்துவதைப் பார்த்தேன். அப்பா மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த உத்தரவைப் பார்த்தார்.

“ஆமாங்கய்யா” என்றார்.

“அதானே. நான் ஒருத்தன மறக்க மாட்டேன்” என்று மந்திரி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “உள்ள துணியச் சுத்தி பந்தாக்கி ஆடுவோம். இந்த ஆளுதான் கோலி. ஒண்ணும் உள்ள வுட மாட்டான். இல்லய்யா?”

“ஆமாங்கய்யா.”

“அப்பல்லாம் நான் என்னா ஆட்டம் ஆடுவேன் தெரியுமா. கல்கத்தாவுலர்ந்து கூப்ட்டாங்க. போயிருந்தேன்னா இந்நேரம் இந்தியாவுக்கே கேப்டன்.”

“நாடு என்னாங்கய்யா ஆவறது?” என்றார் ஒருவர். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள்.

அப்பாவின் உதடு அசைந்தது. முட்டி போயிருக்கும் என்று சொல்ல வந்தாரோ, லெஃப்ட் ஹாஃப் சரியில்லை என்று சொல்ல வந்தாரோ. அந்தக் கல்கத்தா வாழ்க்கையை வருடக்கணக்காக, மழைக்கு மழை, ஆட்டத்துக்கு ஆட்டம் தெரிந்த ஒரே மனிதர் அந்த அறையில் அவர்தான். மந்திரிக்கு அதில் கேப்டன் என்ற ஒரு சொல் மட்டும்தான் தெரிந்திருந்தது.

“ஆமாங்கய்யா” என்றார் அப்பா, மூன்றாவது தடவையாக.

மாமா நீட்டிய மனுவில் மந்திரி ஏதோ கிறுக்கி உதவியாளரிடம் கொடுத்தார். “பொண்ணு அப்பன் கிட்டவே இருக்கட்டும். கட்சிக்கு ஒழச்ச குடும்பம்.” யாரோ வைத்திருந்த சால்வை ஒன்றை வாங்கி அப்பாவின் தோளில் போட்டார். போட்டோ எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“மாமா, நீங்க ஜெயிலுக்குப் போனது எனக்கே தெரியாதே.”

“எனக்கும் இப்பதான் தெரியும்.”

மாமா ரிக்‌ஷா ஆடும் அளவுக்குச் சிரித்தார். ரிக்‌ஷாக்காரரும் விஷயம் தெரியாமல் சிரித்தார். மைதானத்தைத் தாண்டும்போது அப்பா, “கோலியாம்” என்றார்.

உள்ளூர் அலுவலகத்துக்கே உத்தரவு மாறி வந்தது. தேதிக்குள் சேர்ந்துவிட்டேன். பாலம், மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று வருவதை எல்லாம் டிரேசிங் தாளில் மையிட்டு எடுக்கிறேன். அலுவலகத்தில் என்னைக் கட்சிக்காரர் மகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று தெரியும். மறுத்ததில்லை. மாமா அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டிவிட்டுப் போனார். அப்பா அதைக் கழற்றச் சொல்லவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

மாலையில் வந்ததும் கட்டு மாற்றுவேன். வெந்நீர், பஞ்சு, மருந்து, துணிச்சுருள், கத்தரிக்கோல். எல்லாவற்றையும் பயன்படும் வரிசையில் ஸ்டூலில் வைத்துக்கொள்வேன். புண் சிறிதாகிக்கொண்டு வருகிறது. டாக்டர் இனி கவலையில்லை என்கிறார். முன்பெல்லாம் கட்டு மாற்றும்போதுதான் அப்பா, டிக்கெட் கலெக்டரான லெஃப்ட் அவுட் அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் என்று சொல்வார். பயணிகள் யாருமே இல்லாத வண்டி, டிக்கெட் இல்லாமல் ஏறிய சாமியார் என்று ஏதாவது இருக்கும். பங்களாவுக்குப் போய் வந்த பிறகு அது நின்றுவிட்டது. களைப்பாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். வாரங்கள் போயின.

போன வாரம் நானே கேட்டேன்.

“லெஃப்ட் அவுட் இப்பல்லாம் வர்றதில்லையா?”

“யாரு?”

“உங்க ஃப்ரெண்டுப்பா. ஸ்டேஷன்ல இருக்கறவரு.”

அப்பா தன் காலைப் பார்த்தார்.

“அவன் கல்கத்தாவுக்குப் போவலம்மா” என்றார். “போவவே இல்ல.”

நான் துணிச்சுருளின் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டேன்.

“கட்டு இறுக்கமா இருக்காப்பா?”

“தெரியல. நீயே பாத்துக்கோ.”

விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.